வண்டிக்கு ஆர்.சி. உண்டு, ஆளுக்கு?

உசிலம்பட்டியில் கட்டுமானத் தொழிலாளர்களும் மண் அள்ளும் வண்டி ஓட்டுநர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



விபத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஹெல்மெட் போடுங்கள், ஷூ போடுங்கள், கவனமாக இருங்கள் என்று அரைமணி நேரம் பேசிவிட்டு டீ குடித்துவிட்டு நான் பஸ் ஏறிவிடலாம். அந்தப் பேச்சை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். கவனமாக இருக்கத் தெரியாமல் இங்கே யாரும் சாகவில்லை. அதனால் நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன்.

ஆயுத பூஜை அன்றைக்குத் தேனி ரோட்டில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜேசிபிக்கு வாழைக்கன்று, மாலை, பக்கெட்டின் ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனம் குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய். நல்லது, சோறு போடுகிற வண்டி, கும்பிட வேண்டியதுதான். அந்த வண்டிக்குள் ஒரு பை இருக்கும். பையில் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பைனான்ஸ் கம்பெனியின் தவணை அட்டை, டீசல் பில். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், எத்தனை மணி நேரம் ஓடியது என்ற மீட்டர் கணக்கு எல்லாம் சுத்தமாக இருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பையன் நிற்பான். மண்வெட்டியால் ஓரம் ஒதுக்குவான், கயிறு மாட்டுவான், ரிவர்ஸ் எடுக்கும்போது "வா, வா, நேரா" என்பான். அவன் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? அந்தப் பையில் இல்லை. மேஸ்திரி நோட்டில் "ஹெல்பர் 1" என்று இருக்கும். காண்ட்ராக்டரிடம் அதுவும் இருக்காது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நம் பக்கத்து வேலையிடத்தில் இயந்திரத்துக்குக் கணக்கு இருக்கிறது, இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குக் கணக்கு இல்லை. கணக்கில் இல்லாத ஆளைக் காப்பாற்ற எவரும் செலவு செய்ய மாட்டார்கள். அவன் செத்த பிறகும் அவனுக்காகச் செலவு செய்ய மாட்டார்கள்.

தூரத்துக் கதை வேண்டாம், மதுரைக்குள்ளேயே மூன்றைச் சொல்கிறேன்.

1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதை ஒட்டி மாட்டுத்தாவணியில் எழுப்பிய நக்கீரர் தோரணவாயில் உங்களில் பாதிப் பேர் பஸ்ஸில் கடந்து போனதுதான். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அதை அகற்றும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 பிப்ரவரி 12 இரவு இடிக்கத் தொடங்கினார்கள். இடிந்த பகுதி ஜேசிபி மேலேயே சாய்ந்தது. ஓட்டுநர் கேபினுக்குள்ளேயே நசுங்கி இறந்தார்.

யார் மேல் தப்பு என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஜேசிபி ஓட்டுகிற தம்பிகளுக்கு ஒரு கேள்வி. உங்கள் கை எவ்வளவு உயரம் எட்டும்? அதைவிட உயரமான தூணை அந்தக் கையால் எப்படி இடிப்பீர்கள்? அடியில்தான் தட்ட முடியும். அடியில் தட்டினால் மேலே இருப்பது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வரும், தட்டுகிற பக்கமும் வரும். இடிப்பு வேலைக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 4130. மேலிருந்து கீழே, அடுக்கடுக்காக, என்பதுதான் அதன் அடிப்படை. மேலிருந்து இறக்க உயரமான கை உள்ள வண்டி வேண்டும், அல்லது சாரம் கட்டி ஆள் ஏறி வெட்ட வேண்டும், கிரேனில் கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நாளாகும், பணமாகும். ஊரில் கிடைக்கிற ஜேசிபியைக் கூப்பிட்டால் ராத்திரியோடு முடிந்துவிடும். நம் ஊரில் பழைய வீடு, பழைய தொட்டி, மதில் சுவர் என்று இடிப்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

இரண்டாவது, விளாங்குடி. 2022 மே 2. பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். உள்ளே இறங்கியிருந்த தொழிலாளி மேல் மண் சரிந்தது. ஈரோட்டுப் பக்கத்துப் பையன், பிழைக்க வந்தவன். அவனை வெளியே எடுக்க ஜேசிபியை விட்டுத் தோண்டினார்கள். பக்கெட் பட்டு அவன் தலையே துண்டானது. இதைச் சொல்ல எனக்கும் நாக்கு கூசுகிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் இன்னொரு பள்ளத்தில் இதேதான் நடக்கும்.

மண் சரிந்து ஆள் மூடிவிட்டால் வண்டியை முதலில் அணைக்க வேண்டும். ஜேசிபி ஏழெட்டு டன் எடை. பள்ளத்தின் விளிம்பில் அது நின்று உறுமினாலே மிச்ச மண்ணும் சரியும். தலை எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை மண்வெட்டிகூடக் கூடாது, கையால்தான் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் பலகை கொடுத்துத் தடுக்க வேண்டும். 101, 108 இரண்டுக்கும் போன் போட வேண்டும். இதெல்லாம் பிற்பாடு. முதலில் அந்தப் பள்ளம் எப்படி இருந்திருக்க வேண்டும்? ஆள் நிற்கும் இடத்துக்கு மேலே ஒன்றரை மீட்டருக்கு அதிகமாக மண்சுவர் நின்றால் அதற்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும் என்று கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புக்கான மத்திய விதிகள் 1998இலேயே எழுதிவிட்டன. ஒன்றரை மீட்டர் என்பது உங்களில் பலருக்குக் கழுத்துக்கும் மேலே வரும் உயரம். இங்கே எந்தப் பள்ளத்தில் முட்டுக் கண்டிருக்கிறீர்கள்? நம் பக்கம் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். வெயிலில் கல் மாதிரி நிற்கும், ஒரு மழை பெய்தால் நின்ற இடத்திலிருந்து அப்படியே உட்காரும். தோண்டிய மண்ணைத் தூரமாகக் கொட்ட நேரமில்லை என்று விளிம்பிலேயே குவிப்பார்கள். அந்தக் குவியலின் பாரமும் சேர்ந்துதான் உள்ளே தள்ளுகிறது.

மூன்றாவது, நத்தம் ரோடு பறக்கும் பாலம். 7.3 கிலோமீட்டர் நீளம், 2023 ஏப்ரலில் திறந்தார்கள், போனால் சிலுசிலுவென்று போய்விடலாம். அது கட்டிக்கொண்டிருந்தபோது 2021 ஆகஸ்ட் 28 மாலை, நாராயணபுரம் பக்கம், தூண் மேல் வைத்த கர்டரை ஹைட்ராலிக் ஜாக்கியால் தூக்கிச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கர்டர் சரிந்து விழுந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயப்பட்டார். ஜாக்கி செயலிழந்ததுதான் காரணம் என்று அப்போது சொன்னார்கள். லாரிக்கு டயர் மாற்றுகிறவர்களைக் கேளுங்கள். ஜாக்கியை நம்பி யாராவது அடியில் படுப்பார்களா? கட்டையோ கல்லோ முட்டுக் கொடுத்த பிறகுதான் படுப்பார்கள். ரோட்டோரப் பஞ்சர் கடையில் தெரிந்த சேதி, தேசிய நெடுஞ்சாலை வேலையில் மறந்துபோகிறது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் வண்டி ஓட்டியவன் செத்தான், ஒன்றில் வண்டி யாரைக் காப்பாற்றப் போனதோ அவன் செத்தான், ஒன்றில் ஜாக்கி பக்கத்தில் நின்றவன் செத்தான். மூன்றுமே அரசாங்கத்துக்காக நடந்த வேலை. டெண்டர் உண்டு, இன்ஜினியர் உண்டு, கோப்பு உண்டு. அங்கேயே இப்படி என்றால், பத்துச் சென்ட் இடத்தில் மாடி வீடு கட்டுகிற இடத்திலும் தோட்டத்துக் கிணற்றிலும் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கிணறு என்றதும் நம் ஊர் சமாச்சாரத்துக்கு வருகிறேன். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருமா வருமா என்று ஒரு தலைமுறையே வைகை அணைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது. மழை பொய்த்தால் கிணற்றை ஆழப்படுத்துவோம், அல்லது திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியைக் கூப்பிடுவோம். கிணறு வெட்டுக் கிரேனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேட்டில் கிரேன் நிற்கும், பின்பக்கம் பாறாங்கல்லை அடுக்கிப் பாரம் கொடுத்திருப்பார்கள். டீசல் எஞ்சின், உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு, நுனியில் இரும்பு பக்கெட். அறுபதடி எழுபதடிக்குக் கீழே நான்கு பேர் கல் அள்ளிப் போடுவார்கள். மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. குரல்தான். எஞ்சின் சத்தத்தில் "ஏத்து" என்பதும் "நிப்பாட்டு" என்பதும் ஒன்றுபோலக் கேட்கும். கல் ஏறும் அதே பக்கெட்டில்தான் ஆளும் ஏறுவான், ஆளும் இறங்குவான். பக்கெட் மேலே போகும்போது கீழே இருப்பவர்களுக்கு ஒதுங்க இடமில்லை, கிணறு என்பதே அதுதானே.

அந்தக் கம்பிக் கயிற்றைக் கொஞ்சம் பார்ப்போம். அது ஒரே கம்பி இல்லை. மெல்லிய கம்பிகளைத் திரித்துப் பிரியாக்கி, பிரிகளைத் திரித்துக் கயிறாக்கியது. திடுமென்று அறுந்துவிட்டது என்பார்கள். திடுமென்று அறாது. முதலில் ஒரு மெல்லிய கம்பி தெறிக்கும், பிறகு அடுத்தது. காலையில் எஞ்சினை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு பழைய துணியைக் கயிற்றில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நீளத்துக்கும் மெதுவாக விடுங்கள். தெறித்த கம்பி இருந்தால் துணி மாட்டும். வெறுங்கையால் பார்க்காதீர்கள், உள்ளங்கை கிழியும். துணி ஓரிடத்தில் அடிக்கடி மாட்டுகிறது என்றால், கயிறு ஓரிடத்தில் சப்பையாகியிருந்தால், துருவேறி உப்பியிருந்தால், அந்தக் கயிறு அன்றைக்கு ஆளைத் தூக்கக் கூடாது. முடிச்சுப் போட்டு ஒட்ட வைத்த கம்பிக் கயிற்றைக் கண்டால் எந்தக் கணக்கும் பார்க்காமல் வீட்டுக்குப் போங்கள். இந்தச் சோதனைக்குத் தேவை ஒரு பழைய வேட்டித் துண்டும் பத்து நிமிஷமும்.

அடுத்தது ஹைட்ரா. நான்கு சக்கரத்தில் பொருளைத் தூக்கிக்கொண்டே நடக்கிற கிரேன். சிமெண்ட் குழாய், கம்பிக்கட்டு, டிரான்ஸ்பார்மர் எல்லாம் அதுதான் தூக்குகிறது. 14 டன் வண்டி என்பார்கள். 14 டன்னும் கையைச் சுருக்கி, பொருளை வண்டிக்கு ஒட்டி வைத்திருக்கும்போதுதான். கையை நீட்ட நீட்டத் தாங்கும் எடை சரசரவென்று இறங்கிவிடும். எந்த நீளத்துக்கு எத்தனை டன் என்ற அட்டவணை கேபினில் ஒட்டியிருக்க வேண்டும். பல வண்டியில் அந்த இடத்தில் சாமி படம்தான் இருக்கும். சாமி இருக்கட்டும், பக்கத்தில் அட்டவணையும் இருக்கட்டும். இந்த வண்டி திரும்பும்போது சக்கரம் மட்டும் திரும்பாது, வண்டியே இடுப்பில் மடங்கும். மடங்கும் இடத்தில் நின்றவன் இரண்டு இரும்புக்கு நடுவில் மாட்டுவான். ஓட்டுநருக்கு முன்னால் கிரேனின் கையே பார்வையை மறைக்கும். அப்போது பொருள் ஆடாமல் இருக்க ஹெல்பர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு முன்னால் பின்நடையாக நடப்பான். பின்நடை! குழியில் கால் இடறினால் வண்டி அவன் மேல். பொருளில் இரண்டு பக்கமும் நீளக் கயிறு கட்டி, எட்ட நின்று பிடித்தால் இந்தச் சாவு இல்லை. சில பெரிய நிறுவனங்கள் இந்த வண்டியைத் தங்கள் வேலையிடத்துக்குள்ளேயே விடுவதில்லை. நம் ஊரில் அதை விட்டால் வேறு கிரேன் ஏது என்பீர்கள். சரிதான். அப்படியானால் கயிறாவது கட்டுங்கள்.

ஹிட்டாச்சியிடம் வேறொரு குணம். முன்னால் பக்கெட் இடப்பக்கம் சுழன்றால் பின்னால் இருக்கும் எடைக்கட்டு வலப்பக்கம் சுழலும். எல்லோருடைய கண்ணும் பக்கெட்டின் மேல் இருக்கும். நிழலுக்கு ஒதுங்கியவன் சுவருக்கும் எடைக்கட்டுக்கும் நடுவில் நிற்பான். ஆப்பரேட்டருக்கு அது கண்ணுக்குத் தெரியாத மூலை. வண்டியைச் சுற்றி நான்கு குச்சி நட்டு ஒரு சிவப்பு நாடா கட்டுவதற்கு ஐம்பது ரூபாய் ஆகுமா? மில்லர் மிஷினைப் பற்றிச் சித்தாள் அக்காமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூக்கி நிற்கும் கலவைத் தொட்டிக்கு அடியில் குனிந்து சிந்தின ஜல்லியை வாருவது யார்? நீங்கள்தான். தொட்டிக்கு அடியில் கட்டை கொடுக்காமல் குனியாதீர்கள். சேலைக்கு மேலே போடுகிற சட்டையின் நுனி, முந்தானை, துண்டு எல்லாவற்றையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சுற்றுகிற பல்சக்கரத்துக்கு மூடி போட்டால்தான் வேலை என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். மின்கம்பியைப் பற்றி ஒரே வரி: தலைக்கு மேலே கம்பி போகிற இடத்தில் போர்வெல் வண்டியோ கிரேனோ டிப்பரோ தூக்கக் கூடாது, மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல்.

இவ்வளவும் தெரிந்த விஷயம்தானே, பிறகு ஏன் செய்வதில்லை? அவசரம். அவசரம் எங்கிருந்து வருகிறது? வாடகை மணிக்கணக்கில் இருக்கிறது. வண்டி நின்றாலும் ஓடினாலும் பைனான்ஸ் தவணை மாசம் பிறந்தால் வந்து நிற்கும். ஓனர் மீட்டரைப் பார்க்கிறார். வேலை கொடுத்தவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பத்து நிமிஷம் வண்டி நின்றால் "என்னப்பா சும்மா நிக்குது" என்பார். ஆப்பரேட்டருக்குச் சம்பளம் போக பேட்டா உண்டு, அதிக மணி நேரம் ஓட்டினால் அதிக பேட்டா. பகலெல்லாம் ஓட்டினவன் ராத்திரியும் ஓட்டுவான். கயிற்றைத் துணி சுற்றிப் பார்க்கும் பத்து நிமிஷம், நாடா கட்டும் ஐந்து நிமிஷம், முட்டுக் கொடுக்கும் அரை நாள், எல்லாமே வாடகைக் கணக்கில் வீண். வேலை பேசும்போதே இந்த நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள் ஆப்பரேட்டர் தம்பிகளே. ஏனென்றால் விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் முதல் பெயர் பெரும்பாலும் உங்களுடையதாகத்தான் இருக்கும். அவசரப்படுத்தியவர் பெயர் அதில் வராது.

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அங்கே கிரேன் தூக்கும்போது மேற்பார்வையாளர் தனி, பொருளைக் கட்டுகிறவர் தனி, சைகை காட்டுகிறவர் தனி, மூன்று பேருக்கும் பயிற்சி கட்டாயம். அதற்காக அது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தொழிலாளர்களை லாரியின் பின்னால் ஏற்றிப் போகிற வழக்கத்தை அங்கே இன்னும் விடவில்லை. 2022இல் எல்லாத் தொழிலும் சேர்த்து 46 பேர் வேலையிடத்தில் இறந்தார்கள். அந்த எண்ணிக்கைக்கே அந்த அரசு பதறியது. 2022 செப்டம்பர் முதல் 2023 மே வரை உயர் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்துக் கெடுபிடி செய்தது. 2024 ஜூன் முதல் 50 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தங்களில் வேலையிடத்தில் கேமரா கட்டாயம். 46 பேரை எண்ண முடிந்ததே, அதைக் கவனியுங்கள். எண்ண வேண்டுமானால் பெயர் வேண்டும். நம் பக்கம் ஒரு தாலுகாவில் போன வருஷம் வண்டியில் அடிபட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் யாரிடம் கணக்கு இருக்கிறது? நம் ஆட்கள் வெளி மாநிலத்துக்குப் போய்ச் சாவதும் உண்டு. 2023 ஜூலை 31 நள்ளிரவை ஒட்டி மகாராஷ்டிரத்தில் ஷகாபூர் பக்கம் சம்ருத்தி விரைவுச் சாலைப் பாலத்தில் கர்டர் தூக்கும் ராட்சத இயந்திரம் விழுந்து 20 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

பெயர் பதிவது என்றால் இந்த மண்ணுக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அது எனக்குத் தெரியும். 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்துப் பெயர் பதிய மாட்டோம் என்று நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள், மாயக்காள் என்ற பெண் உட்பட. அந்தப் பதிவேடு நம்மை ஊருக்குள் பூட்டி வைக்க வந்தது. அதை எதிர்த்தது நியாயம். நான் கேட்கிற பதிவேடு முதலாளியைப் பூட்டுகிற பதிவேடு. இந்த ஆள் இன்றைக்கு என்னிடம் வேலை செய்தான் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டிய பதிவேடு. கூலி வாங்கும் நோட்டில் உங்கள் பெயர், தேதி, கூலி, மேஸ்திரி கையெழுத்து இருக்கட்டும். நோட்டு தர மாட்டேன் என்றால் ஜிபே அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் சாட்சி. வேலையிடத்தில் வண்டி நம்பர் தெரிய ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். நீங்கள் செல்பி எடுப்பதைவிட இது உருப்படியான படம்.

நல வாரியத்தில் சேராதவர்கள் சேருங்கள். 1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 1985இல் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் நாடு தழுவிய இயக்கம் ஒன்று தொடங்கி, அதன் பலனாக 1996இல் மத்தியச் சட்டமும் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் உங்கள் நலநிதிக்குப் போக வேண்டும் என்று வாங்கிக் கொடுத்தது அந்தப் போராட்டம்தான். பதிவு செய்யாதவர் வேலையிடத்தில் இறந்தாலும் குடும்பத்துக்கு வாரியத்தில் நிதி உண்டு. ஆனால் அது அரசு தருவது. முதலாளி தர வேண்டியது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறார்கள்.

இனி பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். அடிபட்ட ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மதுரைக்கு அனுப்புகிறார்கள். அங்கே கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்பார், எப்படி அடிபட்டது என்று. அவர் எழுதுவதுதான் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்போம். இந்த ஒரு வரியில்தான் பாதி வழக்கு இருக்கிறது. காண்ட்ராக்டரின் ஆள் கூடவே வந்திருப்பார். மருந்துச் செலவெல்லாம் நான் பார்த்துக்கிறேன், பைக்கில் இருந்து விழுந்தான்னு சொல்லிடுங்க, போலீஸ் கேஸ்னு அலைய வேண்டாம் என்பார். அந்த நேரத்தில் மனசு எந்த நிலையில் இருக்கும்? சரி என்று தலையாட்டிவிடுவோம். அவ்வளவுதான், வேலையிடத்தில் அடிபட்டதற்கு இருந்த முதல் சாட்சி அழிந்தது. ஆறு மாசம் கழித்து வக்கீலிடம் போனால் ஏ.ஆர். காப்பியில் "பைக்கிலிருந்து விழுந்து" என்று இருக்கும். அதனால் டாக்டரிடம் சொல்லுங்கள்: எந்த ஊர், யார் வேலை, எந்த வண்டி, எத்தனை மணிக்கு. அவ்வளவு போதும், அழுதுகொண்டே சொன்னாலும் எழுதிக்கொள்வார்.

செத்துவிட்டால், பிணவறை வாசலில் பஞ்சாயத்து. நம் பக்கம் எல்லாவற்றுக்கும் பேசி முடிப்பது வழக்கம். பிரேதத்தை வாங்க மாட்டோம் என்று சொந்தக்காரர்கள் ஒரு பக்கம், காண்ட்ராக்டர் சார்பில் பெரிய மனுஷர்கள் ஒரு பக்கம், வேப்பமரத்தடியில் பேச்சு. இரண்டு லட்சம், மூன்று லட்சம், கடைசியில் பத்திரத்தாளில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்று கையெழுத்து. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இதற்கு ஒரு பதில் எழுதி வைத்தது. தொழிலாளி இறந்தால் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணம் இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. மூன்று மாசச் சம்பளம்வரை முன்பணமாகத் தரலாம், அவ்வளவுதான். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரமும் செல்லாது. நம் வேப்பமரத்தடிப் பஞ்சாயத்தை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ ஒருவர் நேரில் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? கணக்கு லேசானது. இறந்தவரின் மாசச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் அதிகமாக இருந்தாலும் 15,000 ரூபாயைத்தான் கணக்கில் எடுப்பார்கள், 2020 ஜனவரியில் அறிவித்த உச்சவரம்பு அது. 30 வயதுக்கு எண் 207.98. ஆக 7,500ஐ அதால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். 40 வயது என்றால் 13,81,275. பிணவறை வாசலில் பேசிய மூன்று லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காயத்துக்கும் உண்டு, அதன் கணக்கு கொஞ்சம் வேறு. கட்டை விரல் போனால் நூற்றுக்கு 30 பங்கு உழைக்கும் திறன் போனதாகச் சட்ட அட்டவணை சொல்கிறது. 30 வயதுக்காரருக்கு அது 5,61,546 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டி 12 சதவீதம், அதற்கு மேல் அபராதமும் போடலாம். வேலை வாங்கியவர் சப்-காண்ட்ராக்ட் விட்டிருந்தேன் என்று கையைக் கழுவ முடியாது. தொழிலாளி அவரிடமே கேட்கலாம், அவர் பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். தொழிலாளியின் கவனக்குறைவு, ஹெல்மெட் போடவில்லை என்ற வாதமெல்லாம் சாவு வழக்கில் எடுபடாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. பழைய இழப்பீட்டுச் சட்டமும் 1996ஆம் வருஷக் கட்டுமானச் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. சம்பளத்தில் பாதி, வயதுக்கொரு எண் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று புதிதாக எழுதியிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நான்கில் ஒன்றான பாதுகாப்புச் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாத வேலையிடத்துக்குத்தான். கிணறு வெட்டுகிறவர்கள் ஆறு பேர். ஜேசிபியும் ஹெல்பரும் இரண்டு பேர். நம் ஊர் வேலையில் முக்கால்வாசி அந்தப் பத்துக்குக் கீழேதான் ஓடுகிறது, சில இடத்தில் வேண்டுமென்றே. சங்கங்கள் இந்தப் பத்தைத்தான் முதலில் பிடித்து உலுக்க வேண்டும் என்பது என் எண்ணம். பொதுவாக எதிர்க்கிறோம் என்று போஸ்டர் அடித்தால் போதாது.

பேச்சு இத்தோடு சரி. இரண்டு கேள்விகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி ஓர் ஆப்பரேட்டர் தம்பியுடையது. வண்டி ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது, அடிபட்டால் யாரைக் கேட்பது? இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள் தம்பி. வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேருங்கள். பதிவு எண் உள்ள வண்டி இடித்ததால் வந்த காயம் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்திலும் வழக்குப் போடலாம், தொழிலாளர் இழப்பீட்டிலும் போடலாம், ஏதாவது ஒன்றுதான். எது லாபம் என்பது வயதையும் சம்பளத்தையும் இன்சூரன்ஸ் பாலிசியையும் பொறுத்தது. பாலிசியை வாங்கிப் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். உங்களையும் ஹெல்பரையும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கிறாரா என்று ஓனரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

இரண்டாவது சீட்டு ஓர் அக்காவுடையது. கிணற்று வேலையில் வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, அன்றைக்கே பணம் வாங்கிக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி கேட்க முடியுமா என்று எழுதியிருக்கிறார். முடியும் அக்கா. அந்தப் பத்திரம் தடை இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு, அன்றைக்கு அவரோடு கிணற்றில் இறங்கிய இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் எடுத்துக்கொள்ளுங்கள். மனு மதுரையில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கிரேன் யாருடையது என்று தெரியாது என்று சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கிணற்றுக்காரருக்குத் தெரியும், அவர் பெயரை முதலில் போடுங்கள், கிரேன்காரர் பெயரை அவரே வந்து சொல்லுவார்.